பாசிட்டிவ்

நுரையீரல் புற்றுநோயாளியின் திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘டிடிஎஃப்-1 பாசிட்டிவ்’ என்று கண்டதும் வீட்டார் பதறுகிறார்கள். கொரோனா காலம் அந்தச் சொல்லில் ஏற்றிய அச்சம் அது. நல்ல செய்தி என்று நிம்மதி அடைவோரும் உண்டு. இரண்டும் பிழை. லத்தீனில் ‘வை, நிறுவு’ என்னும் வினையில் பிறந்த சொல் இது. மனிதர் வகுத்து நிறுவிய சட்டத்தைக் குறித்து, ‘உறுதியானது’ என்றாகி, கணக்கில் சுழியத்துக்கு மேற்பட்டதாகி, இன்று ‘நல்லதையே நினை’ என்னும் அறிவுரையில் வந்து நிற்கிறது. நோய்க்குறியியலாளருக்கோ பொருள் ஒன்றுதான்: தேடிய புரதம் அந்தச் செல்லில் இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் வைத்த திசுவில் எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ள, சாயம் ஏறி அவ்விடம் பழுப்பாகிறது. உட்கருவில் டிடிஎஃப்-1 என்னும் புரதம் பழுப்பேறினால் முடிவு அடினோகார்சினோமா என்னும் புற்றுவகைப் பக்கம் சாயும். பி40 என்னும் புரதம் பழுப்பேறினால் செதிள்செல் வகைப் பக்கம். பிடி-எல்1 என்னும் புரதம் புற்றுச் செல்களில் பாதியிலோ அதற்கு மேலோ பழுப்பேறியிருந்தால், தகுந்த நோயாளிக்கு நோயெதிர்ப்பு மருந்தை மட்டுமே கொடுத்துத் தொடங்கும் வழி திறக்கிறது. ஆக, ‘பாசிட்டிவ்’ சில சமயம் சிகிச்சைக்கான வாசல். ‘நேர்மறை’ என்று தமிழாக்குகிறோம். நேர்தல் என்றால் ஒப்புதல், கொடுப்பதாக வாக்களித்தல். நேர்த்திக்கடனில் அது வாழ்கிறது. ஆனால் ‘மறை’ மறுப்பாயிற்றே! எதிர்மறையைப் பார்த்துச் செய்த கூட்டு, எனக்கு ஒட்டவில்லை. எதிர்மறைக்கு இணையாக இலக்கணம் சொன்ன பழைய ‘உடன்பாடு’, இன்று ஒப்பந்தம் என்னும் பொருளோடு போய்விட்டது. ‘டிடிஎஃப்-1 உண்டு’, ‘பி40 இல்லை’ என்பதே போதும். மருத்துவர்களே, அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது இப்படிச் சொல்லிக் கொடுங்கள்.