வில்லும் வான்கோழியும்

தமிழ்க் கவிஞர்க்கு வான்கோழி புதிய பறவையன்று. கல்லாதவன் கவிபாடத் துணிவதை, மயிலைக் கண்டு தானும் சிறகு விரித்தாடும் வான்கோழிக்கு ஒப்பிட்டது மூதுரை. போலிப் புலமைக்கு அப்பறவையே தமிழில் நிலைத்த அடையாளமாயிற்று. எனினும் இன்று வான்கோழி என வழங்கும் பறவையின் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். ஐரோப்பியர் அக்கண்டத்தை அடைந்த பின்னரே அது கடல் கடந்தது. 1612ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து தம் அவைக்கு வந்த அப்பறவையைக் கண்டு வியந்த முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், அதனைத் தம் நினைவுக் குறிப்பில் வருணித்ததோடு ஓவியமாகவும் தீட்டச் செய்தார். மூதுரை அதற்கு முற்பட்டதாயின், அதில் ஆடுவது வேறொரு பறவையாதல் வேண்டும். எவ்வாறாயினும், பெயரோடு வந்த பழி வான்கோழியின் மேல் தங்கிவிட்டது. அப்பழி எத்துணைப் பொருந்தாதது என்பதை, அதன் தாயகத்தில் அதனை வில்லால் வேட்டையாடியோர் வரலாறு காட்டும்.

காட்டு வான்கோழி வளர்ப்பு வான்கோழியைப் போல மந்தமானதன்று. தலையைச் சற்றே திருப்பினால் சுற்றுப்புறம் முழுவதும் அதன் பார்வைக்குள் அடங்கும். நிறங்களை நுட்பமாகப் பிரித்தறியும். விரைந்து ஓடும், தேவையேற்படின் பறக்கவும் செய்யும். இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் தங்கும். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1784ஆம் ஆண்டில் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், கழுகைவிட மதிக்கத்தக்க பறவை இதுவே என்றும், சிறிது வீண்பெருமை உடையதாயினும் அஞ்சாமை மிக்கது என்றும் பாராட்டியுள்ளார்.

கிழக்கு அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த பூர்வகுடிகள் இப்பறவையை நெடுங்காலம் வில்லால் வேட்டையாடினர். இறைச்சி உணவாயிற்று. இறகுகளைப் பின்னிப் போர்வை செய்தனர். சிறகின் இறகு அம்பின் பின்புறத்தில் கட்டப்பட்டு, அம்பு நெறி பிறழாமல் செல்லத் துணை நின்றது. சிறகெலும்பைக் குடைந்து செய்த ஊதுகுழல் பேட்டின் குரலை எழுப்பியது. வேட்டுவன் கையிலிருந்த அம்பின் இறகும் அவன் வாயிலிருந்த குழலும் முன்பு வீழ்த்திய பறவையிடமிருந்தே வந்தவை.

வேனிற்காலத்து விடியலில் சேவல் தான் தங்கிய மரத்திலிருந்தே உரக்கக் கூவும். அக்குரல் கேட்டுப் பேடு சேவலை நாடிச் செல்வதே இயற்கை. வேட்டுவனோ அம்முறையைத் தலைகீழாக்குகிறான். தான் பேடாகக் குரல் கொடுத்துச் சேவலைத் தன்னை நோக்கி வரச் செய்கிறான். அளவுக்கு மிஞ்சி ஒலித்தால் சேவல் ஐயுற்று நின்றுவிடும். காலம் தவறி ஒலித்தால் விலகிப் போகும். அது வந்த பின்னரே பெரிய இடர் தொடங்குகிறது. இருபது கஜ அளவில் நிற்கும் பறவை, நாணை இழுக்கும் கையின் அசைவையே கண்டுவிடும். உயிர்நிலையோ ஒரு கைப்பிடி அளவினதுதான். எனவே தழைமறைவில் அசைவற்றிருந்து, அது மரத்தின் பின் செல்லும் கணத்திலோ விரித்த வாலால் அதன் பார்வை மறையும் கணத்திலோ மட்டுமே வில்லை வளைத்தல் இயலும். பழந்தமிழ் வேட்டுவர் 'பார்வை' என வழங்கிய பழக்கிய விலங்கைப் போல, இக்காலத்தார் பொய்ப்பறவை ஒன்றை நிறுத்திச் சேவலின் கவனத்தைத் திருப்புவதும் உண்டு.

வில்லின் காலத்தில் நிலைத்திருந்த இவ்வினம், துப்பாக்கியும் கோடரியும் சந்தையும் ஒன்றுசேர்ந்த காலத்தில் நிலைகுலைந்தது. காடுகள் வயல்களாயின, பறவைகள் நகரச் சந்தைகளில் குவிந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1851இல் இவ்வினம் அற்றுப்போயிற்று. 1920ஆம் ஆண்டளவில், அது இயல்பாக வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18இல் ஒன்றுகூட எஞ்சவில்லை. வில்லேந்திய மக்களின் நிலையும் வேறன்று. 1830ஆம் ஆண்டின் இடப்பெயர்ப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, செரோக்கி மக்கள் 1838-39இல் தம் காடுகளிலிருந்து மேற்கே துரத்தப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

மறக்கப்பட்டுவந்த வில்லை அமெரிக்கருக்கு மீண்டும் நினைவூட்டியோருள் முதன்மையானவர் ஒரு கவிஞர் என்பது குறிப்பிடத்தக்கது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலப் படையில் பணியாற்றிய மாரிஸ் தாம்சன், தம் தம்பி வில் தாம்சனோடு தென்காடுகளில் வில்லேந்தித் திரிந்தார். தம்பியும் கவிஞரே. மாரிஸ் 1878இல் வெளியிட்ட வில்வித்தை நூல் பலரையும் ஈர்த்தது. மறு ஆண்டே தேசிய வில்வித்தைச் சங்கம் தோன்றி, அவரையே முதல் தலைவராகக் கொண்டது.

வில் மீண்டது, பறவை மீளப் பல்லாண்டுகள் ஆயின. சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்ற பறவைகளை மாநிலம் கடத்தி விற்பதை 1900ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. 1972இல் வில்லும் அம்பும் அவ்வரியில் சேர்ந்தன. பண்ணையில் பொரித்து வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தனர். அவை பிழைக்கவில்லை. எது பகை, எங்கே இரை, எப்போது மரமேறுவது என்பவற்றைத் தாயிடம் கற்றிராத குஞ்சுகள் அவை. பின்னர் 1951இல் தென் கரோலினாவில், வெடிவிசையால் பாய்ந்து விரியும் வலையைக் கொண்டு காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு காடுகளில் குடியேற்றும் முறை தொடங்கிற்று. 1972-73இல் நியூயார்க்கிலிருந்து கொண்டுசென்ற 37 பறவைகளின் வழியே மாசசூசெட்ஸில் அவ்வினம் மீண்டும் தழைத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இன்று காட்டு வான்கோழிகள் ஏறத்தாழ 60 லட்சம் எனக் கணக்கிடுவர். சில பகுதிகளில் அண்மையில் அவை குறைந்துவருவதும் உண்மை.

இன்றைய வேனில் வேட்டையில் பெரும்பாலான மாநிலங்கள் சேவலை மட்டுமே வீழ்த்த இசைகின்றன. துப்பாக்கி எளிதில் கிடைக்கும் நாட்டில் வில்லைத் தேர்பவர், அருகே செல்லும் கடமையைத் தாமே ஏற்கின்றனர். பல விடியல்கள் வெறுங்கையோடு திரும்புவது அவர்க்கு வழக்கம்.

மூதுரை பழித்தது கல்லாமையையே. பறவை அதற்கு உவமையாக நின்றது, அவ்வளவே. காட்டில் கற்றறியாத வான்கோழி ஒரு பருவமும் தாங்குவதில்லை. அதன் குரலைக் கற்றறியாத வேட்டுவனுக்கு அது எதிர்ப்படுவதுமில்லை. பிறிதொன்றின் குரலைத் தன் வாயில் ஏற்பவன், முதலில் நெடுங்காலம் வாய்மூடிக் கேட்டிருத்தல் வேண்டும் என்பது அவ்வேட்டுவர் அறிந்த பாடம். கவிஞர்க்கும் அது அயலானதன்று.