கழலையை வளர்ப்பது எது?

1956-இல் நியூசிலாந்தின் டுனெடின் நகரில் ஆடம்ஸ், பர்வஸ் என்னும் இருவர், தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனை அளக்க முனைந்தனர். கினிப்பன்றிக்கு முதலில் கதிரியக்க அயோடின். பிறகு நோயாளியின் சீரம். அதன்பின் இரத்தத்தில் ஏறும் கதிரியக்கத்தைக் கணக்கிடுவது. ஹார்மோனாயின் சுமார் 3 மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டுத் தணிய வேண்டும். கிரேவ்ஸ் நோயாளியின் சீரமோ பல மணி நேரம் கழிந்தும் ஓயவில்லை! சோதனைப் பிழையென்று அதை ஒதுக்காததே அவர்கள் பெருமை. அது ஹார்மோனன்று, எதிர்ப்பொருள் என்பது 1960-களில் தெளிவாயிற்று.

சுரப்பைத் தூண்டுவது ஒன்று, சுரப்பியை வளர்ப்பது வேறொன்றோ? 1980-இல் டிரெக்ஸ்ஹேஜ், பொட்டாசோ, டோனியாக் ஆகியோர் கினிப்பன்றியின் தைராய்டுத் துண்டுகளில் நோயாளிகளின் இம்யூனோகுளோபுலினை இட்டு, உட்கருவின் டி.என்.ஏ.வை அளந்தனர். கழலை கண்ட சிலரிடம் வளர்ச்சித் தூண்டல் தெரிந்தது. ஆனால் டி.என்.ஏ. பெருகினால் செல் பெருகியதாகுமா? விவாதம் நீண்டது, அளவுமுறை நோயாளியின் படுக்கையருகே வந்து சேரவில்லை.