செம்மணி பதித்த ஆடையூக்குகள்

ரோமப் பேரரசு சரிந்த பின்வந்த நூற்றாண்டுகளை ‘இருண்ட காலம்’ என்று பாடநூல்கள் பல குறித்து வந்தன. அக்காலத்துச் செர்மானிய மக்களின் கல்லறைகளோ வேறு கதை கூறுகின்றன.

மேலாடையைப் பிணைக்க அவர்கள் ஊக்குகளை அணிந்தனர். செல்வர்க்குரிய ஊக்குகளில் பொற்கொல்லர் மெல்லிய பொற்றகடுகளை நிறுத்திச் சிற்றறைகள் அமைத்தனர். ஒவ்வோர் அறைக்கும் ஏற்ப அறுத்துத் தேய்த்த கார்னெட் எனும் செம்மணிக்கல்லைப் பதித்தனர். கல்லின் அடியில் நுண்கட்டங்கள் பொறித்த பொன்தாளை இட்டனர். ஒளி அதில் பட்டு மீள்வதால் கல் தணலெனச் சுடர்ந்தது. இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் 1771-இல் கிடைத்த கிங்ஸ்டன் ஊக்கு இதற்குச் சிறந்த சான்றாகும்.

5, 6-ஆம் நூற்றாண்டு அணிகளில் உள்ள இக்கற்களுள் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என ஆய்வுகள் காட்டுகின்றன. ‘இருண்ட’ காலத்திலும் கடல்வணிகம் அறுபடவில்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

பிராங்கு மன்னர் சில்டெரிக்கின் கல்லறை 1653-இல் தூர்னே நகரில் வெளிப்பட்டது. அதில் பொன் ஊக்கும், செம்மணி பதித்த பொன் தேனீக்களும் இருந்தன. 1831-இல் பாரிஸ் நூலகத்தில் புகுந்த திருடர்கள் அவற்றைக் கவர்ந்தனர்; பெரும்பகுதி உருக்கப்பட்டது. தேனீக்களுள் எஞ்சியவை இரண்டே. ஆயினும், மருத்துவர் சிஃப்லே 1655-இலேயே அப்பொருள்களைப் படங்களுடன் நூலாக்கியிருந்தார். இழந்த ஊக்கின் வடிவத்தை இன்று நாம் அறிவது அந்நூலால்தான்.

அருங்காட்சியகம் செல்லும் நம் மாணவர்கள் கண்டவற்றை வரைந்து, குறிப்பெழுதி வரட்டும். பொன் உருகினாலும் பதிவு நிலைக்கும்.