காடும் மேய்ச்சல் மலையும் இட்ட பெயர்கள்: பிரித்தானிய நாய்ப்பெயர் மரபின் வளர்ச்சி

நாய்க்குப் பிரித்தானிய மரபுப் பெயர் வைக்க விரும்புவோர் அரச குடும்பத்து வரலாற்றையோ நாவல்களையோ புரட்டுவது வழக்கம். அந்த மரபின் வேர் அங்கே இல்லை. வேட்டைக்காரரும் ஆட்டிடையரும் தொழிலுக்காகக் கூவி அழைத்த பெயர்களிலேயே அது நிலைத்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு முதன்மைச் சான்று 15-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கையெழுத்துப் படி ஒன்று. வேட்டைநாய்களுக்கு உகந்தவையாக 1,065 பெயர்களை அது தருகிறது. நோஸ்வைஸ் என்றால் மோப்பத்தில் கெட்டி. ஹோல்ட்ஃபாஸ்ட் என்றால் கவ்வினால் விடாதது. பெயரற்றது என்று பொருள்படும் நேம்லெஸ்கூட ஒரு பெயராக அதில் இடம்பெற்றிருக்கிறது.

அப்பட்டியலில் உள்ள ரிங்வுட் என்னும் பெயரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காடு அதிரக் குரைப்பது என்பது அதன் கருத்து. அடர்ந்த காட்டுக்குள் ஓடும் நாய்கள் வேட்டைத் தலைவனின் கண்ணில் படுவதில்லை. மோப்பம் பிடித்தது எந்த நாய், இரை திரும்பியது எந்தப் பக்கம் என்பதையெல்லாம் குரைப்பொலியைக் கேட்டே அவன் அறிந்தாக வேண்டும். ஆகவே குரல் நாயின் முதல் தகுதியாயிற்று. அதுவே பெயராகவும் ஆயிற்று. மணியடிப்பவன் எனப் பொருள்படும் பெல்மனும் இதே இனம். ஷேக்ஸ்பியர் தம் நாடகங்களில் இரண்டு பெயர்களையும் எடுத்தாள்கிறார். கம்பர்லாந்து வேட்டைக்காரர் ஜான் பீல் 1854-இல் இறந்தார்; அவரைப் பற்றிய புகழ்பெற்ற பாடலிலும் இவ்விரு பெயர்கொண்ட நாய்கள் வருகின்றன. ஒரு நாய்ப்பெயர் நானூறு ஆண்டுகள் வேட்டைக்காரர் வாயிலேயே வாழ்ந்திருப்பதை நான் மிக மதிக்கிறேன். பல பிரபுக்களின் பட்டங்கள்கூட அவ்வளவு காலம் நீடிக்கவில்லை.

நரிவேட்டைக் கொட்டில்களில் இன்னொரு வழக்கமும் வேரூன்றியது. ஓர் ஈற்றுக் குட்டிகள் அனைத்துக்கும் தாயின் அல்லது தந்தையின் பெயரிலுள்ள முதல் எழுத்திலேயே பெயர் தொடங்கும். கூட்டமாக வளரும் நாய்களில் எது எந்த ஈற்றைச் சேர்ந்தது என்பது பெயரைக் கேட்டவுடன் விளங்கிவிடும்.

இடையரின் தேவை வேறு. ஸ்காட்லாந்து எல்லைப்புற மலைச்சரிவில் தொலைவில் ஓடும் நாயைப் பெயரிட்டு அழைத்த கணமே ஏவலும் தொடர வேண்டும். இரண்டு நாய்கள் சேர்ந்து வேலை செய்தால், ஏவல் எதற்கு என்பதையும் பெயர்தான் பிரித்துக் காட்டும். அதனால் மெக், மாஸ், கேப், ஃப்ளை, ராய், க்ளென் என ஒரே மூச்சில் முடியும் பெயர்கள் நிலைபெற்றன. காற்றில் கலைந்துபோகாத இந்தச் சிறு பெயர்களே பிரித்தானியப் பெயர்களில் எனக்கு மிக அழகானவை.

வீட்டு நாய்களுக்கு உரிமையாளரின் நினைவும் விருப்பமுமே பெயராயின. 1806-இல் இத்தாலியில் நடந்த மைதா போரின் பெயரை எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நாய் தாங்கியது. கவிஞர் பைரனின் 1808-இல் இறந்த நாய்க்குக் கப்பல் அலுவலர் ஒருவரின் பதவிப்பெயரான போட்ஸ்வெயின் என்று பெயர். இவை தனிமனிதரின் தேர்வுகள்; இவற்றை மரபு என்று சொல்லத் தயங்குகிறேன்.

பெரிய மாற்றம் நாய்க் கண்காட்சிகளால் வந்தது. 1859-இல் நியூகாசிலில் தொடங்கிய கண்காட்சிகள் பெருகியபோது ஒரே பெயரில் பல நாய்கள் மேடையேறின. வம்சாவளியைப் பதிவதில் குழப்பம் மிகுந்தது. 1873-இல் உருவான கென்னல் கிளப், 1880-இல் பெயர்ப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது, நாளடைவில் ஏற்கப்பட்டது. விளைவாக, வளர்ப்பகத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்ட நீண்ட பதிவுப்பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் மற்றொன்று என நாய்க்கு இரு பெயர்கள் உண்டாயின.

ஆனால் 1906-இல் தோன்றிய சர்வதேச மேய்ப்புநாய்ச் சங்கத்தின் பதிவேடுகளில் பழைய சிறு பெயர்கள் அழியவில்லை. பெயர் எத்தனை முறை திரும்பி வந்தாலும் நாயின் பதிவு எண் வேறுபடுத்திவிடும். நார்தம்பர்லாந்தில் 1893-இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்னும் நாய், இன்றைய பார்டர் கோலி இன மேய்ப்புநாய்களின் மூதாதை. அதன் எண் 9. ஏட்டில் எத்தனையோ கேப்புகள் உள்ளன. 1965-இல் மேய்ப்புநாய்ப் போட்டியில் சர்வதேச வாகை சூடிய விஸ்டன் கேப்பின் எண் 31154.