காலரில் ஒரு பெயர்

சென்ற தை மாதம் முக்கூடலுக்குப் போயிருந்தேன். என் தமக்கை அங்கே வாழ்க்கைப்பட்டவள். நான் போன சமயம் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகன் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் புறப்பட இருந்தான். மெல்ல என் பக்கத்தில் வந்து, "மாமா, ஒரு சட்டை எடுத்துத் தரணும்னு அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றான்.

ஒரு சட்டைக்கா இவ்வளவு பெரிய சிபாரிசு என்று விசாரித்தேன். திருநெல்வேலியில் ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து வைத்திருக்கிறானாம். விலை 2,500 ரூபாய். அதே நிறத்தில், அதே கோட்டில், வேறு கடையில் 500 ரூபாய்க்குச் சட்டை கிடைக்கிறது. ஆயிரம் பீடி சுற்றினால்தான் அக்காளுக்கு ஒரு நாள் கூலி. இந்தச் சட்டைக்கு ஏறக்குறையப் பத்தாயிரம் பீடி சுற்ற வேண்டும்.

"ஏலே, அந்தத் துணியில அப்படி என்னல இருக்கு?" என்றேன்.

"துணியில ஒண்ணும் இல்ல மாமா. பேரு இருக்குல்லா!"

'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று தொடங்கும் பிரசங்கம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல வேளையாகக் கொஞ்சம் சரித்திரம் ஞாபகம் வந்து வாயை அடைத்தது.

பெயர் பார்த்துத் துணி வாங்குவது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழக்கமல்ல. நம் பூட்டன் காலத்திலேயே 'மார்க்' இருந்தது. அதற்கு முன்னால் அது தேவைப்படவில்லை. வீரவநல்லூரில் நெய்த சேலையை வாங்கினவளுக்கு நெய்தவர் வீடு தெரியும். சாயம் போனால் வாசலில் போய் நின்று சண்டை பிடிக்கலாம். மான்செஸ்டர் துணி கப்பலேறி வந்த பிறகு சண்டை பிடிக்க வாசல் இல்லாமல் போயிற்று. போதாக்குறைக்கு ஒரு தில்லுமுல்லும் நடந்தது. 1870-களில் லங்காஷயர் ஆலைகள் பல, கஞ்சியோடு வெள்ளைக் களிமண்ணையும் ஏற்றித் துணியைக் கனமாக்கி அனுப்பின. வெளுக்கப் போட்டால் களிமண் தண்ணீரோடு போகும். வாங்கினவன் கையில் வலை மிஞ்சும்.

வாங்குகிறவனுக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டாமா? துணி மடிப்பின் மேல் ஒட்டி வந்த வண்ணப் படச் சீட்டுத்தான் அந்தப் பிடிமானம். யானை, புலி, கிருஷ்ணன், லட்சுமி என்று விதவிதமான படங்கள். எழுத்தறியாதவன்கூட, "போன தடவை கொடுத்த யானை மார்க்கையே கொடும்" என்று கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் லீவை ஸ்ட்ராஸ் கம்பெனியார் 1886-ல் இதே யுக்தியைக் கையாண்டார்கள். இரண்டு குதிரைகள் இரு புறமும் இழுத்தும் கிழியாத கால்சட்டைதான் அவர்களுடைய படம். இங்கே சர்க்காரும் 1889-ல் ஒரு சட்டம் போட்டு, துணியின் மேல் கஜக் கணக்கை முத்திரையிடச் சொன்னது. ஆக, மார்க் பிறந்தது ஜம்பத்துக்காக அல்ல, ஏமாறாமல் இருப்பதற்காக.

ஜம்பம் பிறகு வந்து ஏறிக்கொண்டது. சீமை மல் வேஷ்டி கட்டினவருக்குச் சபையில் கிடைத்த மரியாதை நாட்டுத் துணி கட்டினவருக்குக் கிடைக்கவில்லை. அந்த நோய்க்கு மருந்தாகத்தான் கதர் வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1921 செப்டம்பரில் காந்திஜி சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தார். உடன் வந்தவர்களிடம் கதர் கட்டும்படி வேண்டினார். "நாங்கள் ஏழைகள்; கதர் விலை எங்களுக்குக் கட்டாது" என்ற பதில் வந்தது. அந்தப் பதில் அவரைச் சுட்டது. 22-ந் தேதி மதுரையில் முழந்துண்டோடு வெளியே வந்தார். அந்த முழந்துண்டை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு விலைச் சீட்டு இருந்ததை மறந்துவிட்டோம். கதரும் மலிவுச் சரக்கு அல்ல. வழவழப்பான ஆலைத் துணி குறைந்த விலைக்குக் கிடைத்தபோது, முரட்டுக் கதரைக் கூடுதல் விலை கொடுத்து உடுத்திய வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தான் எந்தப் பக்கம் என்பதை அந்தத் துணி ஊருக்குச் சொல்லியது. என் மருமகனை அந்தத் தியாகிகளோடு சேர்த்து உட்கார வைக்க மாட்டேன். ஆனால் உடுத்துகிறவனுக்காகத் துணி பேசும் என்பது அவர்களுக்கும் தெரியும், இவனுக்கும் தெரிகிறது.

"சரிடே, அந்தப் பேரு உனக்கு என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"இங்க நான் யாரு மவன்னு எல்லாருக்கும் தெரியும் மாமா. கிழிஞ்ச சட்டையோட போனாலும் முத்துமாலையம்மன் கோயில்ல கூப்பிட்டு முன்னால நிறுத்துவாங்க. சென்னையில எவனுக்குத் தெரியும்? காலேஜிலேயே சட்டையைத்தான் மொதல்ல பாத்தாங்க. மூஞ்சியப் பாத்தது அப்புறந்தான்."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு முகம் தெரியாத நெசவுக்கு மார்க் ஜாமீன் நின்றது. இன்றைக்கு முகம் தெரியாத பையனுக்கு அது ஜாமீன் நிற்க வேண்டியிருக்கிறது!

இருந்தாலும் விட மனம் வரவில்லை. "வெளிநாட்டுப் பேரு போட்ட பனியனையே திருப்பூர்லதானடே தைக்கிறாங்க. தைக்கிற கை ஒண்ணு, பேருக்கு மட்டும் எதுக்கு ரெண்டாயிரம்?" என்று மடக்கினேன்.

அதுவரை பேசாதிருந்த அக்காள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "நான் சுத்துத பீடியும் அப்படித்தான் தம்பி. லேபிள் ஒட்டாம வச்சா எவன் வாங்குவான்? அந்தப் பேரு விக்கிறதாலதான் எனக்கு வேலை."

முக்கூடல்காரியிடம் இதற்கு என்ன பதில் சொல்வது? சொக்கலால் ராம்சேட் பீடி என்ற பெயரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போன ஊர் அது. இருபத்தைந்து வருஷமாகச் சுற்றுகிறாள். எந்தக் கட்டிலும் அவள் பெயர் ஒட்டியதில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சட்டை வாங்கியாயிற்று. பாதிப் பணம் அக்காளுடைய சீட்டுப் பணம், பாதி என்னுடையது. புறப்படுகிற அன்று அதைப் போட்டுக்கொண்டவன் பிடரியைச் சொறிந்துகொண்டே இருந்தான். காலருக்குள் தைத்திருந்த பெயர்த் துண்டு குத்துகிறதாம். அக்காள் இலை நறுக்கும் கத்தரியை எடுத்துக்கொண்டு, "கொண்டால, வெட்டி விடுதேன்" என்று எழுந்தாள்.

"வேண்டாம்மா, இருக்கட்டும்" என்று காலரைக் கையால் பொத்திக்கொண்டான். பஸ் ஏறும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.