சைக்கிளில் போகிறவனுக்குத் துவக்கு எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற கிழமை தேத்தண்ணிக் கடையில் ஒரு கதை ஓடியது. ரியூசன் முடிந்து இரவில் வந்த ஒரு பிள்ளையை நாய்கள் துரத்தியிருக்கின்றன. பிள்ளை சைக்கிளோடு விழுந்து கை முறிந்துவிட்டது. அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பொடியன் போனைக் காட்டினான். அமெரிக்காவில் ஒருவர் இடுப்பில் பிஸ்டலோடு சைக்கிள் ஓடுகிறார். தற்காப்புக்காம். "சேர், எங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் நாயும் வராது, சங்கிலி அறுக்கிறவனும் வர மாட்டான்" என்றான். இளம் ஆட்கள் சிரித்தார்கள். ஐம்பது வயது தாண்டிய ஒருவரும் சிரிக்கவில்லை.

வரலாறு படிப்பிக்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க ஏலாது. அந்தப் பொடியன் கேட்டது முட்டாள்தனமான கேள்வியும் அல்ல. நூற்றிமுப்பது வருடத்துக்கு முன்பே உலகத்தில் கேட்டு, செய்தும் பார்த்த விடயம் அது.

எங்கள் ஊர்ச் சைக்கிளிலிருந்தே தொடங்கலாம். வாப்பாமார் காலத்தில் மன்னாரில் ஓடியவை றலி, ஹம்பர், பி.எஸ்.ஏ. இதில் பி.எஸ்.ஏ. சைக்கிளின் முத்திரையைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று துவக்குகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியிருக்கும். சின்ன வயதில் அதை விறகு என்று நினைத்தவர்கள் எங்களில் உண்டு. பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ், அதாவது பேர்மிங்ஹாம் சிறு ஆயுதக் கம்பனி. 1861இல் அந்த நகரத்துத் துவக்குத் தொழிலாளிகள் கூடித் தொடங்கியது. துவக்குக்குக் கேள்வி குறைந்தபோது, 1880இல் சைக்கிள் பக்கம் வந்தார்கள். ஒரே அளவில் ஆயிரக்கணக்கான உறுப்புகளை வெட்டும் இயந்திரங்கள் அவர்களிடம் இருந்தன. அந்த இயந்திரத்துக்குத் துவக்கும் ஒன்றுதான், சைக்கிளும் ஒன்றுதான். அமெரிக்காவில் ஐவர் ஜோன்சன் என்ற கம்பனியும் அப்படித்தான். ஒரே பெயரில் சைக்கிளும் ரிவோல்வரும் விற்றது. 1901இல் ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டது அந்தக் கம்பனியின் ரிவோல்வர்.

சைக்கிள்காரனுக்கென்றே ஒரு துவக்கு வந்தது 1890களில், பிரான்சில். சார்ல்ஸ் பிரான்சுவா கலான் என்ற துவக்குக்காரர் செய்தது. பெயர் வெலோடோக். சைக்கிளுக்குப் பிரெஞ்சில் வெலோசிபேட், நாய்க்கு ஆங்கிலத்தில் டோக், இரண்டையும் ஒட்டி வைத்த பெயர். சட்டைப் பைக்குள் அடங்கும். வெளியே எடுக்கும்போது துணியில் சிக்காமல் இருக்க, அடிக்கும் சுத்தியலை உள்ளே மறைத்து, விசையை மடக்கி வைக்கும்படி செய்திருந்தார்கள். ரவையும் 5.75 மில்லிமீற்றர்தான். நாயைக் கொல்ல மனமில்லாதவர்களுக்கு மிளகாய்த்தூள் நிரப்பிய ரவையும் விற்றார்கள். அதே காலத்தில் நியூயோர்க்கில் அமோனியா பீச்சும் பிஸ்டல் ஒன்றைச் சைக்கிள்காரருக்காக விற்றார்கள்.

பிரெஞ்சுக்காரர் பைத்தியமாகி இதைச் செய்யவில்லை. அப்போது நாய்க்கடி என்றால் விசர்நாய் பயம், விசர் வந்தால் மரணம். லூயி பாஸ்டர் 1885 ஜூலையில்தான் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாக அந்த ஊசியைப் போட்டார். ஊசி வந்து பத்து வருடமும் ஆகவில்லை. ஊருக்கு ஊர் அது கிடைக்கவும் இல்லை. அந்த நிலையில் ஒரு மனிதன் பையில் துவக்கு வைத்தால் எங்களுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஓடுகிற சைக்கிளில் இருந்து, ஓடி வருகிற நாயைச் சுடுவது எப்படி என்பதைத்தான் யோசிக்க முடியவில்லை. ஒரு கை ஹாண்டிலில், ஒரு கை துவக்கில், பிரேக் பிடிக்க எந்தக் கை? முதலாம் உலகப் போருக்குப் பிறகு வெலோடோக் மெல்ல வழக்கொழிந்தது. இப்போது பழம்பொருள் சேர்க்கிறவர்களிடம் இருக்கிறது.

இங்கே சட்டம் வேறு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். கண்டியில் தொடங்கிய சிங்கள முஸ்லிம் கலவரம் நடந்தது அதற்கு முந்தைய வருடம், 1915இல். அதனால்தான் இந்தச் சட்டம் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை, காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயல்காரருக்குப் பயிர் காக்கச் சொட்கன் கொடுப்பார்கள். பத்திரம் கிடைக்காதவன் கட்டுத்துவக்குக் கட்டினான். பன்றிக்குக் கட்டியது எத்தனை மனிதரின் காலைக் கொண்டுபோனது என்பது வன்னி ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியும்.

பொடியன் சிரித்த இடத்தில் பெரியவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவர்கள் சைக்கிளையும் துவக்கையும் சேர்த்துப் பார்த்தவர்கள். 1970களின் கடைசியிலிருந்து வடக்கில் துவக்கு சைக்கிளில் வந்தது. சத்தமில்லாமல் வரலாம், சுட்டுவிட்டு ஒழுங்கைக்குள் மறையலாம், எண் தகடும் இல்லை. வந்தவன் எல்லோரும் ஏதோ ஒரு பாதுகாப்புக்காகத்தான் துவக்கு எடுத்ததாகச் சொன்னான். மக்களைப் பாதுகாக்க, இனத்தைப் பாதுகாக்க, நாட்டைப் பாதுகாக்க. மன்னாரில் 1984 டிசம்பர் 4 அன்று மதவாச்சி வீதியில் கண்ணிவெடி வெடித்த பிறகு இராணுவம் வழியில் கண்டவர்களைச் சுட்டது. வீதியில் நின்றவர்களிடம் என்ன இருந்தது? சாமான் பையும் அடையாள அட்டையும்தான்.

சைக்கிளில் போன ஒருவரை எங்கள் நாட்டில் யாரும் மறக்க முடியாது. யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் பகுதித் தலைவர் ராஜினி திராணகம. 1989 செப்ரெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது திருநெல்வேலியில் வீட்டுக்குக் கிட்ட வைத்துச் சுட்டார்கள். வயது 35, இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். எல்லாத் தரப்பின் அநியாயத்தையும் பெயர் சொல்லி எழுதிய 'முறிந்த பனை'யின் ஆசிரியர்களில் ஒருவர். சுட்டது புலிகள் என்றே அவருடன் வேலை செய்தவர்கள் பதிந்தார்கள். அவரிடம் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால்? வகுப்பில் ஒரு பிள்ளை இதைக் கேட்டதுண்டு. சுடுகிறவன் நாளையும் இடத்தையும் தானே தெரிந்தெடுத்துக்கொண்டு வருகிறான். சைக்கிள் ஓடுகிறவருக்கு இரண்டு கையும் ஹாண்டிலில், கண் வீதியில். இடுப்பில் எது இருந்தாலும் அதை எடுக்க நேரம் ஏது? அதோடு, ராஜினி துவக்கோடு திரிந்திருந்தால் அடுத்த நாள் கதை வேறாகியிருக்கும். "அவவும் ஆயுதம் வைத்திருந்தவதானே" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

பிறகு சைக்கிளே சந்தேகப் பொருளானது. 1993 மே 1 அன்று கொழும்பில் ஜனாதிபதி பிரேமதாசாவைக் கொன்ற குண்டுதாரி சைக்கிளில்தான் நெருங்கினான். வடக்கில் அதற்கு முன்பே சென்றி கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு போக வேண்டும். தள்ளாடியிலும் உயிலங்குளத்திலும் உருட்டியவர்கள் இதை வாசிக்கிறீர்கள். சீற்றுக்குக் கீழே கை விட்டுப் பார்ப்பார்கள், பம்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். சைக்கிள் பம்பே துவக்குக் குழாய் போலத் தெரிந்த காலம் அது.

இனி எங்கள் சொந்தக் கதை. (இந்தப் பதிவில் 'நாங்கள்' என்பது சில இடத்தில் மன்னார்க்காரர், சில இடத்தில் முஸ்லிம்கள். இரண்டும் நாங்கள்தான் என்பதால் பிரித்து எழுத வரவில்லை.) 1990 ஓகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த கிழமையே ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னார்கள், ஏறத்தாழ 75,000 பேர். எருக்கலம்பிட்டியிலிருந்தும் தீவின் மற்ற ஊர்களிலிருந்தும் வள்ளத்தில் கற்பிட்டிக்கு. முசலிப் பக்கத்தார் தரை வழியாக. வள்ளத்தில் சைக்கிள் ஏற்ற விடவில்லை என்று எங்கள் வீட்டு மூத்தவர்கள் சொல்வார்கள். பூட்டாமல் கரையில் சாய்த்துவிட்டு வந்தார்களாம். இனி யாருக்காகப் பூட்டுவது?

அதற்குப் பிறகு "எங்களுக்கும் துவக்கு வேண்டும்" என்று கிழக்கில் கேட்டார்கள். சுஜூதில் இருந்தவனைச் சுட்ட பிறகு அப்படிக் கேட்டது தவறு என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. அரசாங்கம் ஊர்காவல் படைக்கு முஸ்லிம் பொடியன்களை எடுத்தது. சொட்கனைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ரோந்து போனார்கள். சில ஊர்களில் மக்கள் இரவில் நித்திரை கொண்டதும் அவர்களை நம்பித்தான். அதை மறைக்க மாட்டோம்.

மற்றதையும் மறைக்க மாட்டோம். 1992 ஏப்ரல் 29 அன்று பொலன்னறுவை மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம் கிராமத்தவரை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். அன்றே பக்கத்துத் தமிழ்க் கிராமங்களான முத்துக்கல்லிலும் கரப்பொலவிலும் பதிலுக்குக் கொலை நடந்தது. அதில் எங்கள் ஊர்காவல் படையினர் இருந்தார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் பதிந்திருக்கின்றன. ஊரைக் காக்கக் கொடுத்த துவக்கு பக்கத்து ஊருக்கு நடந்து போனது. இறந்த தமிழ்த் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அழிஞ்சிப்பொத்தானையில் நடந்ததோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அதே வருடம் ஒக்டோபர் 15இல் பள்ளியகொடல்ல. அங்கே படையும் பொலிசும் ஊர்காவலரும் இருந்தார்கள். இருந்தும் 150க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலானோர் முஸ்லிம்கள். பெரிய ஆயுதத்தோடு வந்தவன் முன்னால் சொட்கன் என்ன செய்யும்?

எங்களில் சிலர் இதை எழுத வேண்டாம் என்பார்கள். பழைய புண்ணைக் கிளறுவதாம். மற்றவர் செய்ததை மட்டும் படிப்பித்து எங்களவர் செய்ததை விட்டுவிட்டால் அதற்கு வரலாற்றுப் பாடம் என்று பெயர் வைக்க முடியாது.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வீடு சோதனை. கத்தியும் வாளும் பள்ளிவாசல்களில் பிடிபட்டதாக இரவுச் செய்தியில் காட்டினார்கள். குர்பானுக்கு வைத்த கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் பல வீடுகளில் தவித்தார்கள். மே மாதம் வடமேற்கில் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது மீண்டும் அதே பேச்சு: "கையில் ஏதாவது இருக்க வேண்டும்." அப்படி ஒன்று அன்று எங்கள் கையில் இருந்து அகப்பட்டிருந்தால், எரித்தவனை விட்டுவிட்டு எங்களைத்தான் தொலைக்காட்சியில் காட்டியிருப்பார்கள். துவக்கு வைத்திருப்பது ஒரு விடயம், அது யார் இடுப்பில் இருக்கிறது என்பது இன்னொரு விடயம். அமெரிக்காக்காரருக்கு இரண்டாவது கேள்வி வராமல் இருக்கலாம். மன்னாரில் சைக்கிள் ஓடுகிற முஸ்லிமுக்கும் தமிழனுக்கும் அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

அம்பு எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கோ சந்தைக்கோ போகிறவர், யாருக்கும் காயம் படாமல் அம்பின் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் (ஸல்) சொன்னதாக புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. அம்பு வைத்திருப்பவன் நல்லவனாகவே இருக்கலாம். கூட்டத்தில் ஒருவர் இடறினால் போதும். குண்டும் குழியுமான எங்கள் வீதியில், ரவை ஏற்றிய பிஸ்டலோடு சைக்கிளில் விழுகிறவனை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குக் கை முறிந்ததோடு போனது, அல்ஹம்துலில்லாஹ்.

இனி நாய் விடயம். துரத்தினால் வேகமாக மிதிக்கத்தான் மனம் சொல்லும், ஓடுவதைத் துரத்துவதுதான் நாயின் குணம். வேகத்தைக் குறைத்து இறங்குங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாக நகருங்கள். முதுகைக் காட்டி ஓட வேண்டாம். கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். பாஸ்டரின் ஊசி பிரான்சில் எல்லோருக்கும் கிடைக்காத காலத்தில் வந்தது வெலோடோக், எங்களுக்கோ ஊசி கிட்டவே இருக்கிறது. நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட வரும் நாளில் வீட்டு நாயைக் கயிறு கட்டிக் கொண்டு வாருங்கள். வளர்க்கிறவர்கள் இரவில் அவிழ்த்து விடாதீர்கள். அன்று துரத்தியவற்றில் இரண்டுக்குக் கழுத்தில் பட்டி இருந்ததாம். வீட்டுக்காரர் வாசித்தால் புரிந்துகொள்வார்.

ரியூசன் விடுகிற நேரம் பற்றிப் பெற்றோரும் படிப்பிக்கிறவர்களும் ஒருமுறை கூடிக் கதைக்கலாம் என்று நினைக்கிறோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நாலைந்து பேர் சேர்ந்து, டைனமோவோ ரோர்ச்சோ எரிய வந்தால் நாயும் யோசிக்கும், சங்கிலி அறுக்கிறவனும் யோசிப்பான். வருகிற வெள்ளி அஸருக்குப் பிறகு அதே தேத்தண்ணிக் கடையில் இருப்போம். போன் காட்டிய பொடியனும் கட்டாயம் வர வேண்டும், தேத்தண்ணி எங்கள் செலவு.

பழைய பி.எஸ்.ஏ. இன்னும் வீட்டில் வைத்திருக்கிறவர்கள், அந்த மூன்று துவக்கு முத்திரை அழியாமல் இருந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.