கூட்டிய வேகமும் கொடுத்த விலையும்



பரிசளிப்பு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றதும் கடாரம் வென்ற இராஜேந்திர சோழனை எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். அவரைப் பற்றி எழுத அறிஞர் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் சின்னஞ்சிறு சில்லின் வரலாறு. கணினியின் மூளை என்று சொல்கிறோமே, அந்தச் செயலியின் கதை. அதிலும் குறிப்பாக, அதன் வேகத்தைத் தட்டிக் கூட்டிப் பார்த்தவர்களின் கதை. ‘ஓவர்கிளாக்கிங்’ என்று இளைஞர்கள் சொல்வது இதைத்தான்.

“இதெல்லாம் நமக்கு எதுக்கு சார்? கம்ப்யூட்டர் ஓடினா போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குக் கணினி வாங்கித் தருவது நீங்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சில்லை ஒட்டிச் சோதித்து அனுப்பியதில் நம் நாட்டுப் பெண்களின் கைக்கும் பெரும் பங்கு உண்டு. ஆகவே இது நம் வரலாறும்தான்.

மணி அடித்தால் வேலை

விடியற்காலைப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். மணி அடித்ததும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிட்டதும் நகர்வார்கள். செயலிக்குள்ளும் ஒரு மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சிறு படிகம் அதிர்ந்து அந்தத் துடிப்பை உண்டாக்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி வேலை நகரும். துடிப்பு எவ்வளவு வேகமோ, வேலையும் அவ்வளவு வேகம்.

1971ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 4004 என்ற செயலியை வெளியிட்டது. அதில் இருந்தவை சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். அது விநாடிக்கு 7 லட்சத்து 40 ஆயிரம் முறை துடித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1981இல் வந்த ஐ.பி.எம். தனிநபர் கணினி விநாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது. பத்து லட்சம் துடிப்புகளை ஒரு மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். ஆக, அது 4.77 மெகாஹெர்ட்ஸ்.

வேகத்தைக் கூட்டும் கலை அப்போதே தலைகாட்டிவிட்டது. 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட ‘ஏ.டி.’ என்ற கணினி 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. உள்ளே இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பில் பாதி அது. கைதேர்ந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தினார்கள். சில டாலர் செலவில் 6 என்பது 8 ஆயிற்று! ஐ.பி.எம். சும்மா இருக்கவில்லை. பிறகு வந்த கணினிகளில், வேகம் கூடியிருந்தால் இயங்க மறுக்கும்படி ஒரு சோதனையைச் சேர்த்தது. கம்பெனிக்கும் கைவினைஞனுக்கும் இடையே நடந்த இந்தக் கண்ணாமூச்சி ஆட்டம் அன்று தொடங்கியது.

பினாங்கில் வைத்த சோதனை

அது சரி, 6 என்று எழுதிய பொருள் எப்படி 8இல் ஓடும்? இதைப் புரிந்துகொள்ளப் பினாங்குக்குப் போக வேண்டும்.

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் பினாங்கில், பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் நிறுவியது. அதே 1970களில் நமது கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுங்கைவே சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் மின்னியல் ஆலைகள் எழுந்தன. மோட்டரோலா நிறுவனம் அங்கே சில்லு ஆலை நடத்தியது. கம்பத்திலிருந்தும் புதுக்கிராமத்திலிருந்தும் தோட்டத்து லயத்திலிருந்தும் இளம் பெண்கள் கம்பெனிப் பஸ் ஏறி அந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லோடு இணைத்தார்கள். கண் வலித்தாலும் கை நடுங்கக் கூடாத வேலை அது. அந்தக் கைகள் இல்லாவிட்டால் அன்றைய கணினி உலகம் இல்லை என்றால் அது மிகையாகாது.

ஒட்டி முடித்த சில்லுகளைச் சோதிப்பதும் இந்த ஆலைகளின் வேலைதான். ஒரே தட்டில் பிறந்த சில்லுகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரே கொல்லையில் நட்ட ரப்பர் மரங்கள் எல்லாம் ஒரே அளவு பால் கொடுக்கின்றனவா? அதுபோலத்தான். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, தாங்கும் வேகத்துக்குத் தக்கபடி தரம் பிரித்து, மேலே எண் பொறிப்பார்கள்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, பொறிக்கும் எண் எப்போதும் கொஞ்சம் தாராளமாக விட்டுப் பொறிப்பது. வெயில் கொளுத்தும் அறையிலும், தூசி படிந்த பெட்டியிலும், பல ஆண்டு உழைத்த பிறகும் அந்தச் சில்லு தவறாமல் ஓட வேண்டும் அல்லவா? இரண்டாவது, உற்பத்தி நன்றாகத் தேறிய காலத்தில் பெரும்பாலான சில்லுகள் உயர்ந்த வேகத்தையே தாங்கும். ஆனால் கடையில் மலிவுச் சரக்கும் வேண்டுமே! ஆகவே நல்ல சில்லுகளுக்கும் குறைந்த எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். மறைந்திருந்த இந்தச் சக்தியைத்தான் இளைஞர்கள் தேடினார்கள். பல இன்டெல் செயலிகளின் மேல் ‘மலாய்’ என்று ரோமன் எழுத்தில் பொறித்திருக்கும். மலேசியாவில் உருவானது என்பதற்கு அடையாளம். எந்த நாட்டில், எந்த வாரத்தில் செய்தது என்று பார்த்துப் பார்த்துச் சில்லு பொறுக்கியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள்.

1998ஆம் ஆண்டு

இந்த வரலாற்றில் மறக்க முடியாத ஆண்டு 1998. ஆசியப் பொருளாதார நெருக்கடியில் நமது ரிங்கிட் மதிப்பிழந்து, செப்டம்பர் மாதம் ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 காசு என்று நிலைநிறுத்தப்பட்டது. நெருக்கடிக்கு முன் ஏறத்தாழ இரண்டரை ரிங்கிட்டாக இருந்தது. வெளிநாட்டு விலையில் வரும் கணினிப் பொருள் எல்லாம் கைக்கு எட்டாமல் போயிற்று.

அதற்குச் சற்று முன், ஆகஸ்டு மாதம், இன்டெல் நிறுவனம் ‘செலரான் 300ஏ’ என்ற மலிவுச் செயலியை வெளியிட்டது. பொறித்த வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். தாய்ப்பலகையின் துடிப்பு 66. அதை நாலரையால் பெருக்கினால் ஏறத்தாழ 300. நாலரை என்ற பெருக்கு எண்ணைக் கம்பெனி பூட்டிவிட்டது. ஆனால் தாய்ப்பலகையின் துடிப்பை 66இலிருந்து 100க்கு மாற்ற முடிந்தது. நூறை நாலரையால் பெருக்குங்கள். 450! ஏழை வாங்கிய சில்லு, பணக்காரன் வாங்கிய ‘பென்டியம் 2’ சில்லோடு தோளுக்குத் தோள் நின்றது.

அந்நாளில் கோலாலம்பூர் ஜாலான் இம்பியில் இருந்த இம்பி பிளாசா கணினிக் கடைகளுக்குப் பேர்போனது. 1999இல் அதற்கு அருகில் லோ யாட் பிளாசா திறந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பஸ்ஸோ ரயிலோ ஏறி வந்து, கடை கடையாக விலை கேட்டு, ஒவ்வொரு பாகமாக வாங்கிப் போய் வீட்டில் தாமே பூட்டிக்கொள்ளும் பழக்கம் இளைஞர்களிடையே பரவியது. 2000ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கும் திட்டமும் வந்தது. முதுமைக்கென்று வைத்த காசு பிள்ளையின் மேசைக்குப் போயிற்று. அந்தக் காசின் அருமை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இலவசமாய் வந்ததா வேகம்?

இல்லை. விலை இருந்தது, அது வேறு விதத்தில் வந்தது.

முதல் விலை, வெப்பம். துடிப்பு கூடும் அளவுக்குச் சூடும் கூடும். வேகமாக ஓட, மின்னழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும். அழுத்தம் ஏறினால் சூடு அதன் இருமடிக்குத் தக்கபடி ஏறும். மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகம் 300இலிருந்து 450 ஆனால் ஒன்றரை மடங்கு. அழுத்தம் 2 வோல்ட்டிலிருந்து 2.2 ஆனால் 1.1 மடங்கு, அதன் இருமடி 1.21. இரண்டையும் பெருக்கினால் 1.8க்கு மேல். அதாவது வேகம் பாதி கூடியது. சூடோ கிட்டத்தட்ட இரட்டித்தது! விசிறியும் அலுமினியத் தகடும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே சில்லைக் குளிர வைக்க அவற்றால் ஆகாது. குளிர்நாட்டுக்காரன் 20 பாகையில் செய்த வித்தை, நம் தகரக் கூரை வீட்டில் 32 பாகையில் பலிக்குமா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது விலை, தெரியாத பிழை. முன்பு சொன்ன பெரட்டு மணியை நினையுங்கள். அடுத்த மணிக்குள் எல்லாரும் தம் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மணியை அவசரப்படுத்தினால் பலர் ஓடிச் சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் சேர மாட்டார். கணக்கு ஓர் இடத்தில் தப்பும். கணினி உடனே நின்றுவிட்டால் நல்லது, தெரிந்துவிடும். நிற்காமல் தப்புக் கணக்கோடு ஓடினால்தான் ஆபத்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1998இல் சிலர் பயந்து பயந்து தாய்ப்பலகைத் துடிப்பை 66இலிருந்து 83க்கு மட்டும் ஏற்றினார்கள். 100க்கு ஏற்றியதைவிட அதுவே கூடுதல் தொல்லை கொடுத்தது. காரணம் என்ன? வன்தட்டு முதலிய பாகங்களுக்குப் போகும் துடிப்பு 33 ஆக இருக்க வேண்டும். 66ஐ இரண்டால் வகுத்தால் 33. 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33. 83ஐ இரண்டால் வகுத்தால் 41க்கு மேல்! செயலி தாங்கினாலும் வன்தட்டு தாங்காமல், எழுதி வைத்தது கெட்டுப் போகலாம். ஒரு பாகத்தை விரட்டும்போது அதோடு கட்டிய மற்றப் பாகங்கள் என்ன ஆகின்றன என்று பார்க்காதவர் வேலை இப்படித்தான் முடியும்.

விஷயம் தெரிந்தவர்கள் ‘வேகம் வந்துவிட்டது’ என்று கைதட்டி எழுந்துவிடுவதில்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1995இல் எழுதப்பட்ட ‘சூப்பர் பை’ நிரலைக் கொண்டு ‘பை’ மதிப்பை லட்சக்கணக்கான இலக்கம் வரை கணக்கிட வைத்தார்கள். பெரிய பகா எண்களைத் தேட 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய முயற்சியில் பிறந்த ‘பிரைம்95’ நிரலை இரவு முழுக்க ஓடவிட்டார்கள். விடை முன்பே தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சரிபார்ப்பதுதான் உத்தி. ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்கினார்கள். உண்மையான வெற்றி அந்த இரவுக் காவலில்தான் இருந்தது.

போலி முத்திரை

இதே அறிவைத் தீய வழியில் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1990களில் பல நாடுகளில், குறைந்த எண் பொறித்த சில்லின் மேற்பரப்பைச் சுரண்டி, கூடிய எண்ணை அச்சடித்து விற்ற மோசடி நடந்தது. வாங்கியவர் கூடிய விலை கொடுத்துச் சூடேறும் சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோனார். செயலியின் பெருக்கு எண்ணைக் கம்பெனி பூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். தன் சில்லைத் தெரிந்தே வேகப்படுத்தியவன் தன் பொருளைத்தான் பணயம் வைத்தான். தெரியாதவர் தலையில் கட்டியவனோ அவர் உழைப்பைத் திருடினான். இரண்டும் ஒன்றல்ல.

பிற்காலத்தில் கம்பெனிகளே வழிக்கு வந்தன. 2008இல் இன்டெல் செயலிகள், சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் தாமே வேகத்தைக் கூட்டி, சூடானால் தாமே குறைத்துக்கொள்ளும் ‘டர்போ பூஸ்ட்’ முறையோடு வந்தன. பூட்டில்லாத செயலியைக் கூடுதல் விலைக்கு விற்கவும் தொடங்கினார்கள். திருட்டுத்தனமாகச் செய்தது, காசு கொடுத்து வாங்கும் வசதியாக மாறியது.

பால்மரம் சொல்லும் பாடம்

இதையெல்லாம் தோட்டத்து மக்கள் வேறு உருவில் முன்பே பார்த்தவர்கள்தாம். பால் ஏன் விடியற்காலையில் சீவுகிறோம்? வெயில் ஏறுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். 1970களில் சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகளால் ‘எத்ரல்’ போன்ற ஊக்க மருந்து தோட்டங்களுக்கு வந்தது. பட்டையில் தடவினால் மங்கு நிறைந்தது. அளவு மீறித் தடவி, அடிக்கடி சீவினால் என்ன ஆகும் என்று மூத்தவர்களைக் கேளுங்கள். வெட்டுப் பட்டை காய்ந்து, பால் வராமல் நின்றுவிடும். மரத்துக்குள் இருக்கும் சக்தியும் உண்மை. அதற்கு ஓர் எல்லை இருப்பதும் உண்மை.

ஆகவே பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. பிள்ளையின் கணினி மெதுவாக ஓடினால் உடனே வேகத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு விசிறியிலும் தகட்டிலும் படிந்த தூசியைத் துடையுங்கள். செயலிக்கும் தகட்டுக்கும் நடுவே தடவிய பசை காய்ந்திருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றுப் போக இடம் விடுங்கள். இன்றைய செயலி குளிர்ச்சியாக இருந்தாலே தன் முழு வேகத்தைத் தானே காட்டும். இரண்டாம் கைப் பொருள் வாங்கினால், கடையிலேயே அரைமணி நேரமாவது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். அது உங்கள் காசு.

மாணவர்களே, வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் ஆசை உங்களில் யாருக்காவது இருந்தால் நான் தடுக்க மாட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டு, பள்ளி வேலை இல்லாத பழைய கணினியில் முயலுங்கள். ஒரு நேரத்தில் ஒரு படி ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் வெப்பத்தையும் விடையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அறிவியல் பாடம் அதைவிட நன்றாக அமையாது.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. 300 என்று எண் பொறித்ததற்குள் 450 இருந்தது. ‘இவன் இவ்வளவுதான்’ என்று ஒரு பிள்ளையின் மேல் எண் குத்துமுன் நாங்கள் யோசிக்க வேண்டும். அதேபோல, பள்ளி விட்டதும் ஒரு டியூஷன், அது முடிந்ததும் இன்னொரு டியூஷன் என்று விரட்டும் பெற்றோரும், பிள்ளைக்குத் தூக்கமும் சோறும் விளையாட்டும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.